மரக்கடைசல் கேள்வி பதில்: தூபக்கால் கைப்பிடியும் டிஃப்யூசர் வளையமும்

சாம்பிராணி, கற்பூரம், வாசனை எண்ணெய் ஆகியவற்றை ஆவியாக்கும் சாதனங்களுக்கு வீட்டிலேயே மரப் பாகங்கள் செய்துகொள்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

எங்கள் பித்தளைத் தூபக்காலுக்கு இரண்டு முறை மரக் கைப்பிடி மாற்றிவிட்டோம். இரண்டுமே பூணை ஒட்டிய இடத்தில் கருகி, ஆட்டம் கண்டு, கழன்றுவிட்டன. இன்னும் தடிமனான மரம் போட்டால் நிற்குமா?
– வாசகி, கும்பகோணம்

நிற்காது. உங்கள் கைப்பிடி வெளியிலிருந்து கருகவில்லை, உள்ளிருந்து கருகுகிறது. கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டின் சூடு 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அந்தச் சூட்டைப் பித்தளைத் தண்டு நேராக மரத்தின் நடுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மரம் தீப்பிடிக்க ஏறத்தாழ 250 டிகிரி வேண்டும் என்றாலும், 100 டிகிரிக்கு மேல் தினமும் அரை மணி நேரம் இருந்தாலே துளையின் உட்சுவர் மெல்லப் பழுத்து, கருத்து, பொடிந்துவிடும். துளை பெரிதானதும் தண்டு ஆடும். எவ்வளவு தடித்த மரமானாலும் இதே கதைதான்.

மாற்ற வேண்டியது தண்டை. பித்தளைத் தண்டைக் கிண்ணத்திலிருந்து 25 மி.மீ. விட்டு அறுத்துவிடுங்கள். அந்த முனையில் 5 மி.மீ. துளையிட்டு, 15 மி.மீ. ஆழத்துக்கு எம்6 (6 மி.மீ. திருகு) மரை வெட்டி, 6 மி.மீ. எவர்சில்வர் கம்பியை முறுக்கி ஏற்றுங்கள். எவர்சில்வர் கடத்தும் சூடு பித்தளை கடத்துவதில் ஏழில் ஒரு பங்குதான். கிண்ணத்துக்கும் மரத்துக்கும் இடையே குறைந்தது 60 மி.மீ. கம்பி வெளியே தெரிய வேண்டும்; காற்றுப்பட்டு ஆறுவது அந்த நீளத்தில்தான். மரை வெட்ட, பித்தளைத் தண்டு 10 மி.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் பாத்திரப் பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். கரியோடு சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டும் தூபக்காலுக்கு 8 மி.மீ. கம்பி போடுவது நல்லது.

கைப்பிடியின் நீளம் 110 மி.மீ., நடுவில் 28 முதல் 30 மி.மீ. பருமன், பூண் உட்காரும் முனையில் 20 மி.மீ. போதும். 6 மி.மீ. கம்பிக்கு 6.5 மி.மீ. துளையை முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். கம்பி பின்முனையில் வெளிவந்து, ஸ்பிரிங் வாஷரும் தொப்பி நட்டும் ஏற வேண்டும். பசையே வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண எபாக்ஸி 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். முந்தைய கைப்பிடிகள் கழன்றதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். மழைக்காலத்தில் மரம் ஊதினாலும் கோடையில் சுருங்கினாலும் ஸ்பிரிங் வாஷர் பிடியை விடாது. பூணுக்கும் மரத்துக்கும் நடுவே 1 மி.மீ. அப்பிரகத் (மைக்கா) தகட்டை வட்டமாக வெட்டிப் போடுங்கள். அயர்ன் பாக்ஸ் பழுது பார்க்கும் கடைகளில் அந்தத் தகடு கிடைக்கும்.

பூசைக்கு எடுக்குமுன் ஒரு சோதனை: கரி போட்டு அரை மணி நேரம் விட்டுப் பூணைத் தொடுங்கள். ஐந்து விநாடி கையை வைத்திருக்க முடியாவிட்டால் கம்பியின் நீளம் போதவில்லை.

எங்கள் பக்கம் சீமைக் கருவேல மரம்தான் மலிந்து கிடக்கிறது. அது அடுப்புக்கு மட்டும்தானா, கடைசலுக்கும் ஆகுமா?
– வாசகர், இராமநாதபுரம்

தாராளமாக ஆகும். அதன் வைரப்பகுதி (வெளிமரத்துக்கு உள்ளே இருக்கும் முதிர்ந்த மரம்) கெட்டியானது, அடர்ந்தது, அழகான செம்பழுப்பு. அதைவிடப் பெரிய குணம், காயும்போது மிகக் குறைவாகச் சுருங்குவது. பெரும்பாலான மரங்கள் வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டை நோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். அதனால்தான் வட்டமாகக் கடைந்தது சில மாதங்களில் முட்டை வடிவமாகிறது. சீமைக் கருவேலத்தில் இரண்டுமே குறைவு. உலோகத்தோடு சேர்த்துப் பொருத்தும் பாகங்களுக்கு இது பெரிய வசதி. விறகாகவும் கரியாகவும் மட்டும் பார்க்கப்படும் ஒரு மரத்துக்கு இப்படி ஒரு தகுதி இருப்பது கடைசல்காரர்களுக்குள்ளேயே பரவலாகத் தெரியவில்லை என்பது எங்கள் வருத்தம்.

வெட்டிய அன்றே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். கட்டையை நடுச்சோறு (தண்டின் நட்டநடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதி) வழியாக இரண்டாகப் பிளக்க வேண்டும். நடுச்சோறு உள்ளே இருந்தால் எந்த மரமும் அங்கிருந்துதான் வெடிக்கும். பிறகு இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடிமனாகப் பூசுங்கள். ஈரம் முனை வழியாக வேகமாக ஓடுவதால் முதல் கீறல் அங்கேதான் விழும். 40 மி.மீ. சதுரத் துண்டுகளாக அறுத்து, இடைவெளி விட்டு நிழலில் அடுக்கினால் நான்கு முதல் ஆறு மாதத்தில் காயும். நாள்கணக்கை நம்பாமல் சமையலறைத் தராசை நம்புங்கள். வாரம் ஒரு முறை எடை போட்டுத் துண்டிலேயே எழுதி வையுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது.

வெளிர் மஞ்சள் நிற வெளிமரத்தை முழுதும் கழித்துவிடுங்கள். வண்டு துளைத்து மாவாக்கிவிடும். தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும் என்பதால் உப்புத்தாள் போடும்போது என்95 முகக்கவசம் அவசியம்.

வேறு மரங்களில், பழைய மரக்கடையில் வாங்கும் சன்னல் சட்டத் தேக்கு மிக நல்லது. பல ஆண்டு காய்ந்திருக்கும். உள்ளே ஆணி முறிந்து கிடக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்த பிறகே உளியை வையுங்கள். பூவரசும் பலாவும் கடைய இதமானவை. அரளி, எட்டி இரண்டும் நஞ்சு, சூடு படும் பொருளுக்கு எந்த வடிவிலும் கூடாது.

ஈட்டி மரத்திலோ செம்மரத்திலோ செய்யலாமா?
– வாசகர், கூடலூர்

ஈட்டி மரத்தை வெட்ட 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் 2025 வரை அனுமதி வேண்டியிருந்தது; இப்போதைய நிலையை வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். செம்மரத்துக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ரசீது இல்லாத துண்டு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பழைய கட்டில் கால், உடைந்த நாற்காலி வீட்டில் இருந்தால் அதைக் கடையலாம்.

மின்சாரக் கற்பூர எரிப்பானுக்குத் தேக்கில் அடித்தட்டு செய்து, என்.சி. பாலிஷ் அடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டே வாரத்தில் பிசுபிசுவென்று ஆகி, தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டது. பாலிஷ் கலப்படமா?
– வாசகர், மதுரை

கலப்படம் என்று சொல்ல முடியாது. காரணம் கற்பூரம்தான். என்.சி. என்பது நைட்ரோ செல்லுலோஸ். அதோடு கற்பூரத்தைச் சேர்த்து இளக்கிச் செய்ததுதான் 19-ஆம் நூற்றாண்டின் செல்லுலாய்டு. சீப்பு, பொம்மை, திரைப்படச் சுருள் எல்லாம் அதில்தான் வந்தன. நைட்ரோ செல்லுலோஸை வளைந்துகொடுக்க வைப்பதே கற்பூரத்தின் வேலை. தொழிற்சாலையில் வேண்டுமென்று செய்ததை உங்கள் அடித்தட்டின் மேல் எரிப்பான் தானாகச் செய்துவிட்டது. ஆவியான கற்பூரம் குளிர்ந்த மரப்பரப்பில் படிந்து, பாலிஷுக்குள் ஊறி, அதை இளக்கியிருக்கிறது. எந்தக் கம்பெனியின் என்.சி. பாலிஷ் அடித்தாலும் இதே கதிதான்.

என்.சி. தின்னரில் நனைத்த ஸ்டீல் உல்லால் தேய்த்துப் பழைய பூச்சை முழுதும் எடுங்கள். 180, 240, 320 எண் உப்புத்தாள்களை வரிசையாகப் போடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அசிட்டோன் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து, அது ஆவியானவுடன் டங் எண்ணெய் அல்லது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். 15 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். நின்ற எண்ணெய்தான் பின்னால் பிசுக்காகும். ஒரு நாள் இடைவெளியில் மூன்று பூச்சு. கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று வாரம் சும்மா விடுங்கள். அவசரப்பட்டு இரண்டாம் நாளே எரிப்பானை ஏற்றினால் எண்ணெய் வாடைதான் வரும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது எத்தனை நாளானாலும் இறுகாது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கினால் தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள். பட்டறைகளில் தீ விபத்து நடக்க இது ஒரு உண்மையான காரணம்.

எரிப்பானை மரத்தின் மேல் நேரடியாக உட்கார வைக்கவும் கூடாது. 10 மி.மீ. உயரப் பீங்கான் அல்லது எவர்சில்வர் குமிழ் மூன்று பொருத்தி, அடியில் காற்று ஓட விடுங்கள்.

அல்ட்ராசோனிக் டிஃப்யூசரின் (வாசனை எண்ணெய் கலந்த நீரை அதிர்வால் பனிப்புகையாக்கும் சாதனம்) கழுத்துக்குத் தேக்கு வளையம் கடைந்து இறுக்கமாக மாட்டினேன். ஏ.சி. அறையில் ஒரு மாதத்தில் வெடித்துவிட்டது. மரம் நன்றாகக் காய்ந்ததுதான்.
– வாசகி, சென்னை

சென்னைக் காற்றுக்குக் காய்ந்தது, ஏ.சி. அறைக்குக் காயவில்லை. கடலோரக் காற்றில் காய்ந்த மரத்தில் 14 சதவீதம் வரை ஈரம் நிற்கும். நாள் முழுதும் ஏ.சி. ஓடும் அறையில் அது 9-க்கு இறங்கலாம். தேக்கு இழைக்குக் குறுக்கே ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் சுமார் 0.18 சதவீதம் சுருங்கும். ஐந்து சதவீதம் இறங்கினால் 60 மி.மீ. வளையம் அரை மி.மீ.க்கும் சற்று அதிகமாகச் சுருங்க வேண்டும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கழுத்து சுருங்காது. இறுக்கமாக மாட்டிய வளையத்துக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கழுத்து 60 மி.மீ. என்றால் வளையத்தின் உள்விட்டத்தை 61.5 மி.மீ. வையுங்கள். உட்சுவரில் மூன்று இடத்தில் சிறிய சிலிக்கோன் துண்டு ஒட்டினால் ஆடாமலும் நெருக்காமலும் நிற்கும். சுவர்த் தடிமன் 6 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். கடைவதற்கு முன் துண்டை இரண்டு மூன்று வாரம் அந்த ஏ.சி. அறையிலேயே போட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். வளையத்தின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் ஒரே அளவு பூச்சு வேண்டும். வெளியே மட்டும் பூசினால் ஒரு பக்கம் ஈரம் இழுத்துக் கோணும். பனிப்புகை வாய் வளையத்தைவிட 15 மி.மீ.யாவது மேலே இருக்கட்டும்.

அதே போன்ற வளையத்தில் திருகாணியைச் சுற்றி நீலக் கறுப்பாகக் கறை. கழுவினாலும் போகவில்லை.
– வாசகர், புதுச்சேரி

மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரமும் சேர்ந்து உண்டாகும் கறை அது. பழைய கால மை தயாரித்ததும் இதே முறையில்தான். திருகாணியைப் பித்தளைக்கோ எவர்சில்வருக்கோ மாற்றுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்து, கையுறையோடு தடவி, அரை மணி நேரத்தில் நிறைய தண்ணீரால் கழுவினால் கறை போகும். அந்த அமிலம் நஞ்சு. சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள்.

கைப்பிடிக்கு நீளத் துளை போட்டால் பின்பக்கம் ஒரு புறமாக ஒதுங்கி வருகிறது. சில நேரம் உள்ளேயே கீறல் விழுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

முதலில் வெளி வடிவத்தைக் கடைந்துவிட்டுப் பிறகு துளைக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். வரிசையை மாற்றுங்கள்: சதுரத் துண்டிலேயே துளையை முடித்து, துளையையே மையமாக வைத்து வெளிப்புறத்தைக் கடையுங்கள். துளை சற்று ஒதுங்கினாலும் கைப்பிடியில் அது தெரியாது.

மரம் சுழன்று பிட் (துளையிடும் அலகு) நிலையாக நிற்கும்படி, டெயில் ஸ்டாக்கில் (கடைசல் எந்திரத்தின் எதிர்முனைத் தாங்கி) சக் (பிட்டைக் கவ்வும் பிடி) மாட்டித் துளைப்பது நேராக வரும். வேகம் 400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 400 சுற்று) போதும். கடைசலுக்கு வைத்த 1,500-லேயே துளைத்தால் பிட் சூடேறி உட்சுவரைக் காய்ச்சும். நீங்கள் சொல்லும் உட்கீறல் அதுதான். 6 மி.மீ. இறங்கியதும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். தூள் அடைத்தால்தான் பிட் வளைந்து ஓடும். புகை வாடை வந்தால் பிட் மழுங்கிவிட்டது. துண்டை 10 மி.மீ. நீளமாக வைத்து, பிட் வெளிவரும் முனையைப் பிறகு அறுத்துத் தள்ளுங்கள். சிதறல் அதோடு போய்விடும்.

அரக்குக் கடைசல் செய்த பொருளைச் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

கூடாது. சுழலும் மரத்தின் மேல் அரக்குக் கோலை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே உருகிப் படிவதுதான் அந்தக் கலை. 70 டிகிரியை ஒட்டி இளகும் பூச்சு, எரிப்பானுக்குப் பக்கத்தில் என்ன ஆகும்! ஆனால் டிஃப்யூசர் மூடியின் குமிழ், வாசனை எண்ணெய்ப் புட்டி நிற்கும் தாங்கி, தூபப்பொடி டப்பா ஆகியவற்றுக்கு அதைவிட அழகான பூச்சு கிடையாது. வெளிர் நிற வெட்பாலையில் நிறம் எடுப்பாகத் தெரியும். தாழை மடலால் தேய்த்து வரும் பளபளப்பை எந்த ஸ்பிரேயும் தராது. ஸ்பிரிட் கலந்த வாசனைத் திரவம் மட்டும் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரக்கைக் கரைத்துவிடும்.

கொசு விரட்டி லிக்விட் எந்திரத்தை மறைக்க மரக்கூடு?
– வாசகர், திருச்சி

வேண்டாம். காற்றோட்டத்தை மறைத்தால் சூடு தேங்கும், மருந்து மரத்தில் படிந்து ஊறும்.

இ-சிகரெட்டுக்கு மரக்கூடு செய்ய அளவுகள் தருவீர்களா?
– வாசகர், பெயர் வேண்டாம்

தரமாட்டோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவில் அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாமே தடை செய்யப்பட்டுவிட்டன. கையில் மரமும் உளியும் இருந்தால், மேலே கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன அளவில் ஒரு தூபக்கால் கைப்பிடி கடைந்து பாருங்கள்.