முதுகு வளைவு ஆபரேஷன்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்

மகளுக்கு 13 வயது. ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. வளைவு 54 டிகிரி, ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். எண்ணெய் தேய்த்து நீவினால் போதும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பயப்படக் கூடாதே என்று அவளிடம் 'சின்ன ஆபரேஷன்தான்' என்று சொல்லியிருக்கிறேன். - ஒரு தாய், தஞ்சாவூர்

முதலில் சொந்தக்காரர்கள் விஷயம். வளரும் வயதில் 25 முதல் 40 டிகிரி வரை இருந்தால் பெல்ட் போட்டு வளைவு கூடாமல் தடுக்கப் பார்ப்பார்கள். 50-ஐத் தாண்டிய வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். நீவுவதாலோ யோகாவாலோ அது நிமிராது. உங்கள் டாக்டர் சொன்னது முறையான ஆலோசனைதான்.

ஆனால் 'சின்ன ஆபரேஷன்' என்பதை இன்றைக்கே திருத்திச் சொல்லுங்கள். முதுகின் நடுவே நீளமாகத் திறந்து, எலும்புகளில் திருகுகள் போட்டு, இரண்டு கம்பிகளால் நிமிர்த்தி, அந்தப் பகுதி ஒரே எலும்பாகச் சேரும்படி செய்கிறார்கள். பொதுவாக நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். கண் விழிக்கும்போது கையில் டிரிப்ஸ், சிறுநீருக்கு டியூப், சிலருக்குக் காயத்திலும் ஒரு டியூப் இருக்கும். முகம் வீங்கியிருக்கலாம், குப்புறப் படுக்க வைத்துச் செய்வதால் வருவது, சீக்கிரம் வடிந்துவிடும். இதெல்லாம் முன்பே தெரிந்த பிள்ளை, "ஓ, இதைத்தான் சொன்னார்கள்" என்று தாங்கிக்கொள்கிறது. தெரியாத பிள்ளை ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்து மிரள்கிறது. அடுத்த நாள் நாங்கள் எழுந்து உட்காரச் சொன்னாலும் நம்ப மறுக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவளையும் உள்ளே கூட்டிப் போங்கள். கேள்விகளை அவளே எழுதி வந்து கேட்கட்டும். முதுகு அவளுடையது.

கால் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. - ஒரு தந்தை, மதுரை

இந்தப் பயம் இல்லாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. அந்த ஆபத்து உண்டு. ஆனால் காரணம் தெரியாமல் பதின்வயதில் வரும் சாதாரண வகை வளைவுகளில் நரம்பு பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆபரேஷன் நடக்கும்போதே மூளைக்கும் காலுக்கும் இடையே நரம்புச் செய்தி சரியாகப் போகிறதா என்று ஒரு கருவி கவனித்துக்கொண்டே இருக்கும். மாறுதல் தெரிந்தால் உடனே நிறுத்திச் சரிபார்ப்பார்கள். "நரம்புக் கண்காணிப்பு உண்டா? இந்த வகை ஆபரேஷன் இங்கே அடிக்கடி செய்கிறீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆபரேஷனுக்கு ஒரு மாதம் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? - ஒரு தாய், திருநெல்வேலி

ரத்தப் பரிசோதனை முதல் வேலை. நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் பலருக்கு ஹீமோகுளோபின் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இப்போதே தொடங்க வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் நன்றாகச் சாப்பிடட்டும். சொத்தைப் பல், முதுகில் பரு அல்லது புண் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், கிருமித் தொற்று அங்கிருந்து வரலாம். நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே பழக்குங்கள். மாதவிடாய் அந்த நாட்களில் வந்தாலும் பயமில்லை. பையில் நாப்கின் வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் கட்டில் தேவை. பாயில் படுத்து எழுவதும், இந்தியன் டாய்லெட்டில் குந்துவதும் தொடக்கத்தில் முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான உடை நாலைந்து எடுத்து வையுங்கள். முதுகைத் திருகாமல், கட்டை உருள்வதுபோல் மொத்தமாகப் புரண்டு எழ வேண்டும். இதையும் இப்போதே பழகிக்கொண்டால் பிறகு பாதிச் சிரமம் குறையும்.

எனக்கு 15 வயது. பரதநாட்டியம் ஆடுகிறேன். இனி ஆட முடியுமா? தழும்பு தெரியுமா? அம்மாவிடம் கேட்டால் அழுகிறார். - ஒரு மாணவி, சென்னை

நீயே எழுதியதில் ரொம்ப சந்தோஷம். தழும்பு இருக்கும். முதலில் சிவப்பாக, பிறகு வெளிறிய கோடாக மாறும். அதைச் சுற்றி கொஞ்ச நாள் மரத்த மாதிரியும் இருக்கும். குனிவது இடுப்பிலிருந்து நடக்கும். கம்பி போட்ட பகுதி மட்டும் வளையாது. கம்பி எவ்வளவு கீழே வரை போகிறது என்பதைப் பொறுத்துதான் நடனத்தில் எது கடினமாகும் என்று சொல்ல முடியும். அதை டாக்டரிடம் நீயே கேள். பலர் திரும்ப ஆடுகிறார்கள், ஆனால் எலும்பு சேர ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். டாக்டர் அனுமதி கொடுத்த பிறகுதான் சலங்கை. அம்மா அழட்டும், நீ கேட்பதை நிறுத்தாதே.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்? வீட்டுக்கு வந்தபின் எதைக் கவனிக்க வேண்டும்? - ஒரு தந்தை, ஈரோடு

பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் போகலாம், முதலில் அரை நாள். கனமான பை தூக்கக் கூடாது, இரண்டாவது செட் புத்தகம் வகுப்பிலேயே இருக்கட்டும். டூ-வீலரில் பின்னால் உட்காருவதற்கு டாக்டர் சொல்லும் வரை பொறுங்கள்.

வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும். தண்ணீர், பழம், தேவைப்பட்டால் டாக்டர் தரும் மருந்து. இரண்டாம் வாரம் காரணமில்லாமல் அழுதால் திட்டாதீர்கள். வலி, தூக்கமின்மை, எல்லாவற்றுக்கும் இன்னொருவரை எதிர்பார்ப்பது எல்லாம் சேர்ந்தது அது. காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ், காலில் புதிதாக மரப்பு அல்லது பலவீனம், சிறுநீர் போக முடியாமை, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.