ஒன்றுமில்லை

அன்புள்ள ஐயா,

ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகத்தை இப்போதுதான் படித்தேன். கார்டீலியா மேல் எனக்குக் கோபம். வயதான அப்பா ஆசையாகக் கேட்கிறார், இனிமையாக இரண்டு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? நானும் மனதில் பட்டதைப் பட்டென்று பேசுகிறவன்தான். அப்படிப் பேசித்தான் அண்ணனோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அதனால்தானோ என்னவோ, அவள் மேல் இவ்வளவு எரிச்சல்.

ச.

அன்புள்ள ச.,

லியர் ஆசையாகக் கேட்கவில்லை, ஏலம் விடுகிறார். நாட்டின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, யாருக்கு என் மேல் பிரியம் அதிகம், சொல்லுங்கள், அதற்குத் தக்க பங்கு என்கிறார். மூத்தவள் ‘கண்பார்வையைவிட மேலாக’ என்கிறாள். அடுத்தவள், அக்கா சொன்னது போதாது என்று விலையை ஏற்றுகிறாள். இருவருக்கும் நிலம் கிடைத்துவிடுகிறது. இளையவள் கார்டீலியாவிடம் வரும்போது, ‘அக்காக்களுடையதைவிட வளமான பங்கைப் பெற நீ என்ன சொல்லப்போகிறாய்?’ என்றே கேட்டுவிடுகிறார். ‘ஒன்றுமில்லை’ என்கிறாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். விளக்க ஆரம்பிக்கிறாள். கடமைக்குத் தக்க நேசிக்கிறேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கல்யாணமானால் பாதி அன்பு கணவனுக்குப் போய்விடும். இங்கேதான் எனக்கும் அவள் மேல் வருத்தம். அப்பாவின் தராசையே அவளும் கையில் எடுக்கிறாள். அப்பா அவளுக்கு ஒன்றும் கொடுக்காமல் விரட்டிவிட்டு, மற்ற இருவர் வீட்டிலும் மாறி மாறித் தங்கப் போகிறார். பட்டும் புத்தி வருவதில்லை. அவரோடு தங்கும் வீரர்கள் 50 பேர் போதும் என்கிறாள் மூத்தவள். அடுத்தவள் 25 என்கிறாள். உடனே மூத்தவள் பக்கம் திரும்பி, 50 என்பது 25-ஐப்போல இரண்டு மடங்கு, அப்படியானால் உன் பிரியமும் இரண்டு மடங்கு என்று கணக்குப் போடுகிறார் மனிதர்!

(உங்கள் எரிச்சலுக்குப் பழைய துணை உண்டு. 1681-இல் நேஹம் டேட் என்பவர் இந்த நாடகத்தை மாற்றி எழுதி, கார்டீலியாவுக்கு ஒரு காதலனைக் கொடுத்து, அவனுக்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று காரணமும் கற்பித்து, கடைசியில் இருவரையும் சேர்த்தும் வைத்தார். ஆங்கில மேடையில் சுமார் 150 வருடம் அதுதான் ஓடியது.)

சரி, நான்காம் அங்கத்தை இன்னொரு முறை படியுங்கள். புத்தி பேதலித்து அப்போதுதான் கொஞ்சம் தெளிந்த லியர், ‘விஷம் கொடு, குடிக்கிறேன். உன் அக்காக்களுக்கு என்னை வெறுக்கக் காரணம் கிடையாது, உனக்கு உண்டு’ என்கிறார். ‘ஒரு காரணமும் இல்லை, ஒரு காரணமும் இல்லை’ என்கிறாள் கார்டீலியா. பச்சைப் பொய். அலங்காரமாக ஒரு சொல் பேச மறுத்தவள் சொல்கிறாள். இப்போது அவரிடம் கொடுக்க ஒரு சாண் நிலம்கூட இல்லை.

இதைத் தமிழில் கொண்டுவந்தால், முதல் காட்சியின் அதே ‘ஒன்றுமில்லை’யை இங்கேயும் போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளையைத் தூக்கி, ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே, ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ என்கிறோமே, அது.

அப்புறம், அண்ணனோடு என்ன தகராறு, யார் பக்கம் நியாயம் என்றெல்லாம் நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.