ஆயில் முள் இறங்கினால்

அன்புள்ள அண்ணா,

1970 ஓல்ட்ஸ்மொபைல் விஸ்டா குரூசர் ஸ்டேஷன் வேகன் ஒன்றை மூன்று வருடமாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். கூரையில் கண்ணாடி வைத்த வண்டி. பிள்ளைகளுக்கு அதனாலேயே பிடிக்கும். அதிலிருந்த 350 கன அங்குல எஞ்சினை இறக்கிவிட்டு, அதே கம்பெனியின் 455 எஞ்சினை வாங்கி, சிலிண்டரைப் போர் செய்து, கிராங்க் தண்டுக்கு கிரைண்டிங் செய்து, புது பிஸ்டன் போட்டு ஏற்றினேன். கியர்பாக்ஸ் பழைய ஆட்டோமேடிக்தான். போன வாரம் வண்டியோடு, எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்தோம். சக்கரத்தில் 242 எச்பிதான் (குதிரைத்திறன்) வந்தது. அதே வருடத்து ஓல்ட்ஸ்மொபைல் 442 காரில் இந்த 455-க்கு 365 என்று போட்டிருக்கிறார்கள். மிச்சம் 123 எங்கே போனது? பட்டறையில் ஏமாற்றிவிட்டார்களா? பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். இரண்டாவது ஓட்டத்தின் கடைசியில், 5000 ஆர்பிஎம் பக்கம், ஆயில் பிரஷர் 60-இலிருந்து 35-க்கு இறங்கியது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

எச்பியைப் பற்றி ஐந்து வரி, ஆயிலைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் பதில் இதற்கு நேர்மாறாக இருக்கும்.

எச்பியை முதலில் முடித்துவிடுவோம். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. அந்த 365 கிராஸ் கணக்கு. எஞ்சினை மட்டும் தனியாக ஸ்டாண்டில் கட்டி, ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் இல்லாமல், ஃபேனையும் ஆல்டர்னேட்டரையும் இழுக்கும் சுமை இல்லாமல் அளப்பது. அமெரிக்கக் கம்பெனிகள் 1972 மாடல்களில்தான், எல்லா உறுப்பையும் மாட்டி அளக்கும் நெட் கணக்குக்கு முழுதாக மாறின. நீங்கள் அளந்ததோ சக்கரத்தில். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பது பொதுவான கணக்கு. 242-ஐ 0.8-ஆல் வகுத்தால் 302. அத்தனை உறுப்பும் மாட்டிய 455-க்கு இது வெட்கப்பட வேண்டிய எண்ணே இல்லை.

இப்போது அந்த ஒரு வரி. எனக்குத் தூக்கம் போனது அதைப் படித்துத்தான். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்பது பழைய மெக்கானிக்குகள் சொல்லும் அளவு. 5000-இல் 50 இருக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு 35. அந்த நிலையில் எச்பி எவ்வளவு என்று கேட்பது, காய்ச்சல்காரனை ஓடவிட்டு நேரம் பார்ப்பது போல.

455-க்கு இது பழகிய நோய். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு தடவை ஓடும் தூரம், 4.25 அங்குலம்; 5000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 18 மீட்டர் ஓடுகிறது. மெயின் ஜர்னல், அதாவது கிராங்க் தண்டில் பேரிங்குக்குள் சுழலும் பகுதி, 3 அங்குலம், பெரியது. ஜர்னல் பெரிதானால் அதன் ஓரங்களில் ஆயில் வெளியேறும் வழியும் பெரிது. பம்ப் மேலே வால்வை அழுத்தும் ராக்கர் வரை தள்ளும் ஆயில், ஹெட்டிலிருந்து அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு அதே வேகத்தில் திரும்பி வடிவதில்லை. ஓட்டம் நீள நீள சம்ப் வற்றுகிறது, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. சாலையில் குடும்பத்தோடு போகும்போது இது தெரியவே தெரியாது. முழு ஆக்ஸிலரேட்டரில் பத்து நொடி பிடித்தால்தான் தெரியும். டைனோவால் உங்களுக்குக் கிடைத்த உண்மையான லாபம் இதுதான்.

ஒன்று யோசித்துப் பாருங்கள்: முள் நடுங்கிக்கொண்டே இறங்கியதா, நிதானமாக இறங்கியதா? நடுங்கினால் காற்று உள்ளே போகிறது. நிதானமாக இறங்கி, எஞ்சின் சூடாகி ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல்) ஓடும்போதும் குறைவாகவே நின்றால் பேரிங் இடைவெளி அதிகம்.

அடுத்து, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பாருங்கள். ஹாக்ஸா பிளேடு வேண்டாம், அதன் இரும்புத் தூளே உங்களைக் குழப்பும்; ஃபில்டர் கட்டர் வாங்குங்கள். காகித மடிப்புகளைப் பிழிந்து வெயிலில் விரித்து வையுங்கள். காந்தத்தில் ஒட்டுகிற மெல்லிய மாவு புது எஞ்சினில் கொஞ்சம் இருக்கும், விடுங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளிச் செதில் இருந்தால் பேரிங்கின் மேல் பூச்சு போகிறது. செம்பு நிறம் மின்னினால் பூச்சையும் தாண்டிவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டியதுதான்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தாலும் சம்ப்பைக் கழற்றிவிடுங்கள். மெயின் கேப் ஒன்றைத் திறந்து பிளாஸ்டிகேஜ் இழை (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து, சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கி, திறந்து அகலத்தைப் பாருங்கள். ஜர்னல் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், உங்களுக்கு இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு வர வேண்டும். நான்கைத் தாண்டினால் கிரைண்டிங் செய்தவரிடம் பேசிக்கொள்ளுங்கள். ஹெட்டிலும் பிளாக்கிலும் ஆயில் வடியும் துளைகளில் வார்ப்புப் பிசிறு நின்றிருந்தால் அரத்தால் தேய்த்துவிடுங்கள். கூடவே, இரண்டு லிட்டராவது கூடுதலாகக் கொள்ளும் சம்ப் ஒன்று போடுங்கள். இந்த எஞ்சினில் செலவழிக்க எனக்குத் தெரிந்த முதல் இடம் அதுதான், கேம் அல்ல.

மறுபடி பூட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலை எங்கும் ஏற்ற, டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு அந்தத் துளை வழியாக டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றுவீர்கள் அல்லவா, செவ்ரொலேக்குச் செய்ததைப் போல வலப்பக்கம் சுற்றிவிடாதீர்கள். ஓல்ட்ஸ்மொபைலில் இடப்பக்கம், டிரில்லை ரிவர்ஸில் போட வேண்டும். முதலில் டிரில் லேசாகச் சுற்றும், பம்ப் ஆயிலைப் பிடித்ததும் கையை முறுக்கும், டிரில்லின் குரலே இறங்கிவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு இன்னொருவரைக் கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லுங்கள். பதினாறு ராக்கரிலும் ஆயில் கசிந்து வந்தால்தான் நிறுத்தலாம். ஒன்று காய்ந்திருந்தாலும் அங்கே ஒரு டேப்பட் (கேமுக்கும் வால்வுக்கும் இடையில் தள்ளும் உறுப்பு) பட்டினி கிடக்கிறது.

பெரிய கேம் விஷயம். நண்பரின் வண்டி இரண்டு பேர் உட்காரும் காராக இருக்கும் என்று நினைக்கிறேன். நீளமான கேம் போட்டால் ஐடிலில் வேக்குவம் குறையும். உங்கள் பவர் பிரேக் அந்த வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது. இரண்டு டன் எடையுள்ள வண்டியில், பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சிக்னலில் பிரேக் மிதி கல்லாக இருப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5252-ஆல் வகுத்தால் எச்பி. 2500-இல் 400 பவுண்டு-அடி என்றால் 190 எச்பிதான், கேட்கச் சாதாரணம். ஆனால் வேகன் மேடேறும்போது அந்த இழுவையில்தான் ஏறுகிறது, 5000-இல் வரும் உச்சத்தில் அல்ல. டைனோ தாளில் 2000-லிருந்து 3500 வரை டார்க் கோடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

அப்படியும் கேம் மாற்றினால் டேப்பட்டையும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள், ஸ்டார்ட் ஆனதும் 20 நிமிடம் 2000-க்கும் 2500-க்கும் இடையில் ஓட்டுங்கள். ஐடிலில் விடாதீர்கள். நான் ஒருமுறை கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பாமல், டைமிங்கையும் தப்பாக வைத்து, ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஸ்டார்ட் ஆனது, ஆனால் கேமின் ஒரு மூக்கு மழுங்கிவிட்டது. அந்தத் தூள் எஞ்சின் முழுக்கப் பரவியது.

அடுத்த தடவை டைனோவுக்குப் போகும்போது முதல் ஓட்டத்தை 4000-உடன் நிறுத்தச் சொல்லுங்கள். ஆயில் பிரஷரையும் அதே தாளில் கோடாக வரையச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதற்கு சென்சார் வைத்திருப்பார்கள். அப்புறம், ஃபில்டரை வெட்டியதும் அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஃபிளாஷ் போடாமல்.