மார்கழிக்கு முன்பா, தை பிறந்த பிறகா? வரிக் கெடுவுக்குள் வீடு வாங்குவது எப்படி

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2005-06-இல் 18 லட்சத்துக்கு வாங்கிய ஸ்ரீரங்கம் வீட்டை 2024 ஜனவரி 29 அன்று 95 லட்சத்துக்கு விற்றேன். வரி வராமல் இருக்க, அந்த ஜூலையிலேயே 42 லட்சத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட்டேன். இப்போது குரோம்பேட்டையில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட் 78 லட்சத்துக்கு வருகிறது. அதன் சொந்தக்காரர் இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகள், கடைசி மகன் துபாயில் வேலை. தரகர் உடனே 10 லட்சம் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார். அக்காவோ மார்கழியில் பத்திரம் போடவே கூடாது என்கிறார். இரண்டு வருடக் கெடு தவறினால் என் 42 லட்சம் போய்விடுமா? வேலையை எப்படி வேகப்படுத்துவது?

பதில்: முதலில் நிம்மதியாக இருங்கள் அம்மா. 42 லட்சம் எங்கேயும் போகாது. கெடு தவறினால் அந்தப் பணத்தின் மீது வரி வரும், அவ்வளவுதான். அந்த வரி எவ்வளவு என்று பார்த்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். நீங்கள் வாங்கிய 18 லட்சத்தைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்தினால் (2005-06-க்கு 117, 2023-24-க்கு 348) சுமார் 53 லட்சத்து 54 ஆயிரம் ஆகிறது. 95 லட்சத்தில் அதைக் கழித்தால் ஆதாயம் 41 லட்சத்து 46 ஆயிரம். 20 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் ஏறக்குறைய 8 லட்சத்து 62 ஆயிரம். வீடு விற்ற ஆதாயத்தில் வேறு வீடு வாங்கினால் விலக்குத் தரும் வருமான வரிச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு உங்களுக்குக் காப்பாற்றித் தருவது இந்தத் தொகையைத்தான்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், 8 லட்சத்து 62 ஆயிரத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் 78 லட்சத்தை வில்லங்கமான வீட்டில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவு அலுவலகத்தில் டோக்கன் எடுப்பதில், பணம் புரட்டுவதில், வங்கிக்கு நடப்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் வேகம் காட்டலாம். பத்திரம் பார்ப்பதில் மட்டும் ஒரு நாளைக்கூடக் குறைக்காதீர்கள்.

சரி, கெடுவுக்கு வருவோம். கட்டி முடித்த வீட்டை வாங்குவதென்றால், விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டு. உங்களுக்குக் கடைசி நாள் 2026 ஜனவரி 28, புதன்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதும்போது, 2025-இல், கார்த்திகை பிறந்து சில நாள்தான் ஆகிறது. சுமார் பத்து வாரம் இருக்கிறது. ஆனால் டிசம்பர் 16 அன்று மார்கழி பிறந்துவிடும். அக்கா சொல்கிறபடி தை வரை காத்திருந்தால், ஜனவரி 15 பொங்கல், 16, 17 அரசு விடுமுறை, 18 ஞாயிறு. 26 குடியரசு தினம். சனி, ஞாயிறையும் கழித்தால் 19 முதல் 23 வரை ஐந்து நாள், 27, 28 இரண்டு நாள், மொத்தம் ஏழே நாள்தான் மிஞ்சும். ஊரில் மார்கழி முழுக்கத் தள்ளிப்போட்ட எல்லாரும் அந்த நாட்களில்தான் வந்து நிற்பார்கள். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் ஒதுக்குவது வழக்கம்தான். அதை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள்.

அக்காவின் பேச்சைத் தட்ட வேண்டாம். கார்த்திகைக்குள் நல்ல நாள் பார்த்து ஒப்பந்தம் போட்டு, முடிந்தால் டிசம்பர் 15-க்குள் கிரயத்தையும் முடியுங்கள். பால் காய்ச்சிக் குடிபோவது தையில் இருக்கட்டும். சட்டத்துக்குத் தேவை வீட்டை வாங்குவதுதான், நீங்கள் எப்போது குடியேறுகிறீர்கள் என்பதல்ல. கார்த்திகைக்குள் முடியாவிட்டால், மார்கழியில் பதிவு செய்து தையில் கிரகப்பிரவேசம் வைக்க உங்கள் மனம் ஒப்புகிறதா என்று இன்றே அக்காவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஜனவரி 20 அன்று அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

இப்போது இந்த ஃபிளாட். உண்மையில் உங்கள் நேரத்தைத் தின்னப்போவது துபாய் மகன். தரகர் அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது. அதனால் அட்வான்ஸ் பேச்சுக்கு முன்னால் அவருடைய விமான டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று கேளுங்கள். "வருவார், வருவார்" என்பது பதில் ஆகாது. வர முடியாதென்றால் தன் அண்ணனுக்கோ அக்காவுக்கோ பவர், அதாவது தன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், கொடுக்க வேண்டும். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று, அசலைக் கூரியரில் இங்கே அனுப்பி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அட்ஜூடிகேஷன் (முத்திரைக் கட்டணம் எவ்வளவு என்று முடிவு செய்வது) செய்து முத்திரைக் கட்டணம் கட்டிய பிறகுதான் அந்தப் பவரை வைத்துக் கிரயம் செய்ய முடியும். தூதரகத்தில் அப்பாயின்ட்மெண்ட், கூரியர், அட்ஜூடிகேஷன் எல்லாம் சேர்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். பவர் எழுதும் வேலை இந்த வாரமே தொடங்கியாக வேண்டும். அதில் சொத்து விவரம் மூலப்பத்திரத்தில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். ஒரு சர்வே எண் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

அப்புறம் வரிப்பிடித்தம். சொத்து மதிப்பு 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். ஆளுக்கு 26 லட்சம்தானே என்று விட முடியாது. 2024 அக்டோபர் முதல் எல்லாருடைய பங்கையும் கூட்டித்தான் அந்த வரம்பைப் பார்க்கிறார்கள். ஆக, இங்கே இருக்கும் இருவருக்கும் தலா 26,000 பிடித்து, இரண்டு பேருக்கும் தனித்தனியாக 26க்யூபி படிவத்தில் கட்டுங்கள். அவர்களுடைய பான், ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இணையாத பான் என்றால் பிடித்தம் பல மடங்கு ஏறிவிடும்.

துபாய் மகன் விஷயம் வேறு. அவர் வரிச்சட்டப்படி வெளிநாட்டுவாழ்பவர் என்றால் அவருக்கு 50 லட்ச வரம்பும் கிடையாது, 1 சதவீதமும் கிடையாது. குறைந்த பிடித்தத்துக்கான சான்று அவர் வாங்கித் தராவிட்டால், பாதுகாப்பான வழி அவருடைய முழுப் பங்கின் மேல் 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து, அதாவது 13 சதவீதம் பிடிப்பது. 26 லட்சத்துக்கு அது 3 லட்சத்து 38 ஆயிரம். அதைக் கட்ட உங்கள் பெயரில் டான் எண், அதாவது வரி பிடிப்பவருக்கான எண், வேண்டும். அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். சான்று வாங்கப் போனால் உங்கள் கெடுவுக்குள் வருமா என்பது சந்தேகம். "முழுதாகப் பிடித்துக் கட்டுகிறேன், நீங்கள் ரிட்டர்ன் போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பதிவு நாளன்று சார்பதிவாளர் மேஜை முன்னால் இந்தத் தகராறு வெடிக்கக் கூடாது. நீங்கள் பிடிக்காமல் விட்டால் துறை கேட்பது உங்களைத்தான்.

பத்திரம் பார்க்கும் இடத்தில் மூன்றே விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், மீதியை வக்கீல் பார்ப்பார். வாரிசுச் சான்றில் இருக்கும் எல்லாப் பெயரும் விற்பவர் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இறந்தவரின் மனைவி, தாய் உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளைகளில் யாராவது முன்பே இறந்து, அவருக்கு மைனர் குழந்தை இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அப்படியென்றால் இந்தக் கெடுவுக்கு இந்த வீடு ஆகாது, வேறு பாருங்கள். அடுத்தது, முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். பழைய வீட்டுக்கடனுக்காகப் பதிந்த அடமான ஆவணம் அதில் தெரிந்து, அதை ரத்து செய்யும் ரசீது தெரியவில்லை என்றால், கடன் அடைந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும் வங்கி அதிகாரி வந்து ரசீது பதிய வேண்டும். கடன் இன்னும் ஓடுகிறது என்றால், அடைத்த பிறகு அசல் பத்திரங்களைத் திருப்பித் தர ரிசர்வ் வங்கி 30 நாள் அவகாசம் தந்திருக்கிறது. உங்களுக்கு அந்த 30 நாளே பெரிது. மூன்றாவது, அசல் மூலப்பத்திரம். நகலைக் காட்டி "அசல் ஊரில் இருக்கிறது" என்றால், அசலைக் கண்ணால் பார்க்கும் வரை ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

ஆகவே 10 லட்சம் அட்வான்ஸ் வேண்டாம். ஒன்றோ இரண்டோ லட்சம், காசோலையாக, மூன்று வாரிசுகளும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் பேரில். இந்தத் தேதிக்குள் பவர் வரவில்லை என்றால் பணம் திரும்ப வர வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

வங்கி வேலையை நிறையப் பேர் கடைசிக்கு வைக்கிறார்கள். மூலதன ஆதாயக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்கு போல இல்லை. உங்கள் பணம் பி வகையில், அதாவது நிலைவைப்பாக (ஃபிக்ஸட் டெபாசிட்) இருந்தால், முதலில் பணம் எடுக்கக்கூடிய ஏ வகைக்கு மாற்ற வேண்டும். எடுக்க படிவம் சி. மறுமுறை எடுத்தால் படிவம் டி, முன்பு எடுத்ததை எதற்குச் செலவழித்தீர்கள் என்ற கணக்கோடு. 25,000-க்கு மேல் என்றால் விற்பவர் பெயருக்கே டி.டி. எடுத்த பணத்தை 60 நாளுக்குள் செலவிட வேண்டும். மூன்று வாரிசு என்பதால் யாருக்கு எவ்வளவு என்று எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்குப் போங்கள். சில கிளைகளில் இந்தப் படிவங்களை அடிக்கடி பார்ப்பதில்லை, ஒரே நாளில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 42 லட்சம் முழுவதும் வாரிசுகளுக்கே போகட்டும். பிடித்தத் தொகை, முத்திரைத்தாளுக்கு 7 சதவீதம், பதிவுக்கு 2 சதவீதம் (பத்திர மதிப்பு 78 லட்சம் என்றால் இரண்டும் சேர்ந்து 7 லட்சத்து 2 ஆயிரம்) எல்லாவற்றையும் உங்கள் கையிலிருக்கும் மற்றப் பணத்தில் கட்டுங்கள். பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். மகள் பெயரில் மட்டும் வாங்கினால் விலக்கே கேள்விக்குள்ளாகும்.

பதிவை ஜனவரி 28-க்கு வைக்காதீர்கள், ஒரு வாரமாவது முன்னால் வையுங்கள். என் கட்சிக்காரர் ஒருவருக்குக் கெடுவின் கடைசி நாளில் டோக்கன் கிடைத்தது. விற்பவர் எண்பதைத் தாண்டிய பெரியவர். கருவியில் கட்டைவிரலை வைக்கிறார், ரேகை பிடிக்கவில்லை. ஈரத் துண்டால் துடைத்து மறுபடி வைக்கிறார், பிடிக்கவில்லை. மணி நான்கைத் தாண்டிவிட்டது, பின்னால் கூட்டம். ஐந்தாவது முறை இடது கை மோதிர விரல் பிடித்தது. அந்த அரை மணி நேரமும் என் கட்சிக்காரர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அப்படியும் பதிவு தள்ளிப்போனால் ஒரு பிடி இருக்கிறது. கையெழுத்திட்ட பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவரலாம். பதிந்தபின் அது கையெழுத்திட்ட நாளிலிருந்தே செல்லும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. பணம் முழுவதையும் கொடுத்து, சாவியும் வாங்கியிருந்தால் வரி அதிகாரியிடம் வாதாட நல்ல ஆதாரம். ஆனால் வாதாடும் நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

இந்த வீடு சரிப்படவில்லை என்றால்? அப்போதும் கதவு மூடவில்லை. வாங்குவதற்குத்தான் இரண்டு ஆண்டு, கட்டுவதற்கு மூன்று. உங்களுக்கு 2027 ஜனவரி 28 வரை. மனை வாங்கிக் கட்டினால் மனையின் விலையும் சேரும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலையிலிருந்து தமிழகத்தில் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டை வாங்கி, தவணையாகப் பணம் கட்டுவதையும் "கட்டுவது" என்றே ஏற்ற தீர்ப்புகள் பல உண்டு. 1986, 1993-இல் நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 471, 672 ஆகிய சுற்றறிக்கைகள்தான் அதற்கு அடிப்படை. அந்தத் தேதிக்குள் முடியும் நிலையில் உள்ள கட்டடமாகப் பாருங்கள். மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அப்படி ஏதாவது நிற்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தரகரிடம் பேசுங்கள்.