தபாலில் போட்டாயிற்று என்றால் போதுமா? ஆண்டுக் கூட்ட அறிவிப்பும் போஸ் மலேசியாவும்

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு கோயிலின் செயலாளராக இருக்கிறேன். 340 உறுப்பினர்கள். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பை 14 நாளுக்கு முன்பே தபாலில் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் சட்டவிதி. போன வருடம் முப்பது பேருக்கு மேல் "எங்களுக்குக் கடிதமே வரவில்லை" என்று எழுந்து சத்தம் போட்டார்கள். இளையவர்கள் இனி வாட்ஸ்அப் போதும் என்கிறார்கள். தபாலை இன்னும் நம்பலாமா? இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தச் சேவை இருக்கும்?

பதில்: முதலில் நான் ஒன்று கேட்கிறேன். சத்தம் போட்டவர்களில் எத்தனை பேர் உங்கள் பதிவேட்டில் உள்ள முகவரியில் இன்னும் குடியிருக்கிறார்கள்? நானும் பல வருடம் சங்கச் செயலாளர் வேலை பார்த்தவன்தான். கடிதம் வரவில்லை என்ற புகாரைத் துருவிக்கொண்டே போனால் பெரும்பாலும் அது தபால்காரரிடம் போய் நிற்காது, நம் பதிவேட்டில்தான் வந்து நிற்கும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு பழைய பழக்கமும் உண்டு. தோட்டக் காலத்தில் உறைமேல் தோட்டத்தின் பெயர் இருந்தாலே போதும். கடிதம் ஆபீசுக்குப் போகும், கிராணி (தோட்ட எழுத்தர்) பிரித்து வைப்பார், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் கைக்கு வந்துவிடும். யார் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார் என்று தபால்காரருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகு அந்த வசதி போய்விட்டது. இப்போது புளோக், மாடி, வீட்டு எண், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஆயர் ஈத்தாமுக்கு 11500. மகனோடு பட்டர்வொர்த்துக்குக் குடிபோன பெரியவரின் உறையில் இன்னும் 11500 என்றே அச்சாகிக்கொண்டிருந்தால் அதற்கு நம் நாட்டுத் தபால் நிறுவனமான போஸ் மலேசியா என்ன செய்யும்? அப்படியே முகவரி சரியாக இருந்தாலும், பழைய அடுக்குமாடிகளில் கீழே இருக்கும் தபால்பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பாதிக்குக் கதவே இருக்காது, கடிதங்கள் மேலே குவிந்து கிடக்கும்.

அதனால் அறிவிப்பு அனுப்புவதற்கு இரண்டு மாதம் முன்பே பதிவேட்டைச் சரிபார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து முகவரியும் கைபேசி எண்ணும் எழுதிக் கையொப்பம் இடச் சொன்னால் போதும். அந்தக் கையொப்பம் பிறகு வேறு ஒன்றுக்கும் உதவும், அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்து, எல்லோருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாமா என்ற எண்ணம் வரும். வேண்டாம். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். பதிவுத் தபாலை வாங்கிக் கையொப்பமிட வீட்டில் ஆள் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள்? தபால்காரர் அட்டையை வைத்துவிட்டுப் போவார். அதை எடுத்துக்கொண்டு தபால் அலுவலகத்தில் போய் நிற்க எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது? கடைசியில் கடிதம் 'தீடாக் டிதுந்துட்', அதாவது கேட்பாரில்லை என்ற குறிப்போடு உங்களிடமே திரும்பி வரும். கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால், பெட்டிக்குள் விழுந்துவிடும் சாதாரணக் கடிதமே பல வீடுகளுக்கு மேல்.

ஆனால் சாதாரணக் கடிதத்துக்குத் தடம் இல்லை. பதிவுத் தபாலுக்கு இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் 'எம்ஒய்' என்று ஓர் எண் கிடைக்கும், அதை வைத்துத் தேடிப் பார்க்கலாம். சாதாரணத் தபால்தலைக் கடிதத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆக நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி தபாலை நம்பலாமா என்பதல்ல. அனுப்பியதற்கு என்ன சாட்சி என்பதுதான்.

இங்கே சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டின் 1948, 1967 பொருள்விளக்கச் சட்டங்களின் 12ஆம் பிரிவு, சட்டப்படி தபாலில் சேர்க்க வேண்டிய ஆவணங்களைப் பற்றிப் பேசுகிறது. சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் போட்டிருந்தால், மறுத்து நிரூபிக்கப்படும்வரை அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். உங்கள் கோயில் விதி நாட்டுச் சட்டம் அல்ல என்பதால் இந்தப் பிரிவு உங்களுக்கு நேராகப் பொருந்தாது. ஆனாலும் அதன் போக்கு புரிகிறது அல்லவா? முகவரி, கட்டணம், போட்டதற்கு ஆதாரம். பெற்றவர் பிரித்துப் படித்தாரா என்று அது கேட்கவில்லை.

எனவே பெரும்பாலோருக்குச் சாதாரணக் கடிதம் போதும். ஆனால் அதைத் தெருமுனைப் பெட்டியில் போடாதீர்கள். 340 உறைகளையும் தபால் அலுவலக முகப்பிலேயே கொடுத்து, தேதியும் எண்ணிக்கையும் உள்ள ரசீது கேளுங்கள். தபால்தலை வாங்கிய ரசீது மட்டும் இருந்தால் அது தலை வாங்கியதற்குத்தான் ஆதாரம், கடிதம் போட்டதற்கு இல்லை. எனக்கு இது சூடுபட்டுத் தெரிந்த பாடம். அனுப்பிய பெயர்ப் பட்டியலை அச்சிட்டு, நீங்களும் இன்னொரு செயலவை உறுப்பினரும் அன்றே கையொப்பமிட்டு ரசீதோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். போன வருடம் தகராறு செய்த அந்த முப்பது பேருக்கு மட்டும் சாதாரணக் கடிதமும் அனுப்புங்கள், பதிவுத் தபாலும் அனுப்புங்கள். 14 நாள் என்றால் 14ஆவது நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளியை ஒட்டினாற்போல் என்றால் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தபால் அலுவலக முத்திரையே எப்படிச் சாட்சியாகிறது என்று நினைத்தால் ஒன்று ஞாபகம் வருகிறது. 1867 ஏப்ரல் வரை பினாங்கை இந்தியாவிலிருந்துதான் நிர்வகித்தார்கள். அப்போது இங்கே ஒட்டியதும் இந்தியத் தபால்தலைதான். அதன்மேல் குத்திய 'பி 147' என்ற முத்திரையை வைத்துத்தான் அந்தத் தலை பினாங்கில் பயன்பட்டது என்று சேகரிப்பவர்கள் இன்றும் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, வாட்ஸ்அப்புக்கு வருவோம். இளையவர்கள் சொல்வதில் தவறில்லை, வரிசைதான் தவறு. விதியில் 'தபாலில்' என்று இருக்கும்போது வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிக் கூட்டம் நடத்தினால், தோற்றுப்போன தரப்பு அதையே பிடித்துக்கொண்டு சங்கங்களைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகமான சங்கப் பதிவிலாகாவுக்கு எழுதிப்போடும். விதியைத் திருத்துங்கள். "தபால் மூலமோ, உறுப்பினர் எழுத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கோ கைபேசி எண்ணுக்கோ" என்று வாசகம் இருக்கட்டும். மேலே சொன்ன கையொப்பத் தாள் இதற்குத்தான். திருத்தத்தைப் பொதுக்கூட்டம் ஏற்ற பிறகு 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அனுமதிக்கும்வரை பழைய விதிதான் விதி. இதில் பலர் சறுக்குவது எங்கே தெரியுமா? திருத்தத்துக்காகக் கூட்டும் கூட்டத்துக்கே வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கும் தபாலில்தான் போக வேண்டும். ஆண்டறிக்கையைக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கெடு ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வேலை.

இனி, தபால் எத்தனை காலம் இருக்கும் என்பது. 1992இல் அரசுத் துறையாக இருந்த தபால் நிறுவனமாக்கப்பட்டது, 2011இல் டிஆர்பி-ஹைகோம் என்ற வணிகக் குழுமத்தின் கைக்குப் போனது. கடிதம் குறைந்துகொண்டே வருகிறது. வங்கி அறிக்கையும் மின்சாரக் கட்டண ரசீதும் கைபேசிக்கு வந்துவிட்டன. 2023 பிப்ரவரியிலிருந்து தனியார் வாகனங்களில் சாலை வரி வில்லையை ஒட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை, அதைப் புதுப்பிக்க முகப்பில் நின்ற கூட்டமும் கரைகிறது. 2020இல் நிறுவனத்தின் நட்டம் 30 கோடி ரிங்கிட்டைத் தாண்டியது. பொட்டல வியாபாரம் காப்பாற்றும் என்று பார்த்தால் அங்கே போட்டியோ போட்டி. கூரியர் உரிமம் நூறைத் தாண்டியதால் 2020 செப்டம்பரில் புதிய உரிமங்களையே நிறுத்திவைத்தார்கள். மற்றவர்கள் லாபம் வரும் இடத்துக்கு மட்டும் போகலாம். போஸ் மலேசியாவோ ஒரு கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு, உட்புறக் கம்பம் (கிராமம்) வரை, போயே ஆக வேண்டும். கடிதக் கட்டணத்தையும் தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 2010இல் 30 சென் 60 சென் ஆனது. 2020இல் வணிகக் கடிதத்துக்கு 1.30 ரிங்கிட் ஆக்கினார்கள், வீட்டிலிருந்து தலை ஒட்டி அனுப்பும் கடிதத்தை விட்டுவிட்டார்கள்.

டென்மார்க்கில் 2025 டிசம்பர் 30ஆம் தேதியோடு அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது. அந்தச் செய்தியைப் படித்துப் பயப்பட வேண்டாம். அங்கே 2014இலிருந்தே குடிமக்கள் அரசாங்கத்தின் மின்னஞ்சல் பெட்டி வைத்திருப்பது கட்டாயம். நம்மிடம் அப்படி ஒன்று இல்லாதவரை, நீதிமன்றமும் அரசு அலுவலகங்களும் கடிதத்தை விட முடியாது. என் கணிப்பு இதுதான்: சேவை நிற்காது, மெதுவாகும். பொட்டலத்துக்கு முதலிடம் கிடைக்கும், கடிதம் அதன் பின்னால்தான் வரும், கட்டணம் ஏறும். அதனால்தான் விதித்திருத்தத்தில் தபாலை அறவே எடுத்துவிடாமல், கைபேசி இல்லாத பெரியவர்களுக்காக வைத்திருக்கச் சொல்கிறேன். அறிவிப்பு நாளை 14இலிருந்து 21 ஆக்கினாலும் நல்லது.

கடைசியாக, திரும்பி வரும் உறைகள். 'பிண்டா' (வீடு மாறிவிட்டார்) என்ற குறிப்போடு வந்தால் உடனே பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த உறையையும் பிரிக்காதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். மூடிய உறையை, குறிப்போடும் முத்திரையோடும் அப்படியே, அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.