நாலு சீஸுக்கும் ஒரே சிவப்பு வைன் போதுமா?

லியோனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சனிக்கிழமை இரவு ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள். பிரீ த மோ, கோம்தே, ஷவின்யோல் ஆட்டுப்பால் சீஸ், ரோக்ஃபோர், இந்த நான்கும் வாங்கப்போகிறேன். போன முறை போர்தோ சிவப்பு வைனோடு பிரீ சாப்பிட்டதும் வாயெல்லாம் கசந்தது. எந்த வைன், எந்த பிரெட், எந்த ஜாம்?"

சீஸும் கெட்டதில்லை, வைனும் கெட்டதில்லை, இரண்டையும் சேர்த்ததுதான் தப்பு. போர்தோ சிவப்பில் திராட்சைத் தோல், விதையிலிருந்து வரும் துவர்ப்பு அதிகம். பிரீயின் வெள்ளைப் பூசணத் தோலோடு அது சேரும்போது செம்புக் காசை நாக்கில் வைத்த மாதிரி ஆகிவிடும். அந்த பாட்டிலை இறைச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீஸுக்குப் பெரும்பாலும் வெள்ளை வைன்தான் சரி, இதை நான் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

நான்கு சீஸுக்கு நான்கு பாட்டில் தேவையில்லை, இரண்டு போதும். முதலாவது, இனிப்பில்லாத கிரெமான் து ஜூரா, அதாவது ஜூரா பகுதியின் நுரைக்கும் வெள்ளை வைன். அதன் நுரையும் புளிப்பும் பிரீயின் கொழுப்பை நாக்கிலிருந்து கழுவிவிடும், ஆட்டுப்பால் சீஸின் புளிப்புக்கும் ஈடுகொடுக்கும். (ஷவின்யோல் கிராமம் சான்செர் வைன் பகுதிக்குள்ளேயே இருக்கிறது, அதனால் சான்செர் வெள்ளை கிடைத்தால் இன்னும் நல்லது.) கோம்தேவும் ஜூரா மலைப் பக்கத்துச் சீஸ்தான், அதற்கும் இதே பாட்டில் ஒத்துப்போகும். கோம்தேவில் 18 மாதம் பழுத்ததாகக் கேளுங்கள். வெட்டினால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரியும், கடித்தால் நறநறவென்று இருக்கும், அது உப்பில்லை, புரதம் உடைந்து உண்டாகும் அமினோ அமிலப் படிகம். காசு செலவழிக்க மனம் இருந்தால் இதற்கு மட்டும் ஒரு வான் ஜோன் வாங்குங்கள். பீப்பாயில் ஆவியாகிக் குறைவதை நிரப்பாமல் ஆறு வருடத்துக்கு மேல் அப்படியே விட்டு எடுக்கிற வைன், பாட்டிலே 62 சென்டிலிட்டர்தான். அதிலும் வால்நட் வாசனை, கோம்தேவிலும் வால்நட் வாசனை, இரண்டும் வாயில் சேரும் அந்த நிமிஷம் அவ்வளவு அருமை.

இரண்டாவது, சோத்தேர்ன் என்ற இனிப்பு வெள்ளை வைன் அரை பாட்டில், ரோக்ஃபோருக்கு. விலை அதிகம் என்றால் அதே மாதிரி இனிப்பான மோன்பசியாக் வாங்கலாம். ரோக்ஃபோர் செம்மறிப்பாலில் செய்தது, நல்ல உப்பு. அந்த உப்புக்கு இனிப்புதான் சரியான ஜோடி, இனிப்பில்லாத வைன் அதன் முன்னால் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும்.

ஜாமும் அதே கணக்குதான். ரோக்ஃபோருக்கு அத்திப்பழ ஜாம், ஆட்டுப்பால் சீஸுக்குத் துளி தேன். பிரீக்கும் கோம்தேவுக்கும் எதுவும் வேண்டாம். கடையில் கறுப்புச் செர்ரி ஜாமைக் கையில் திணித்தால் மறுத்துவிடுங்கள், அது பாஸ்க் பக்கத்து செம்மறிப்பால் சீஸுக்கு உரியது. பிரெட்டில் சாதா பகெட் ஒன்று, ரோக்ஃபோருக்கு மட்டும் வால்நட் போட்ட பிரெட். வாசனைப் பிரெட்டெல்லாம் சீஸை அமுக்கிவிடும். குடிக்காதவர்களுக்குப் பேரிக்காய்ச் சாறு வையுங்கள், ரோக்ஃபோரோடு அது பிரமாதம்.

ஆளுக்கு 70 கிராம், உங்களையும் சேர்த்து ஏழு பேருக்கு அரைக் கிலோ போதும். சாப்பிட ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள், குளிர்ந்த சீஸில் ருசியே தெரியாது. ஆட்டுப்பால் சீஸில் தொடங்கி ரோக்ஃபோரில் முடியுங்கள். அப்புறம், பிரீ துண்டின் கூரான நுனியைக் குறுக்கே வெட்டி எடுக்காதீர்கள், பிரான்சில் அது மரியாதைக் குறைவு. பக்கவாட்டில் நீளமாக வெட்டுங்கள், எல்லோருக்கும் நுனியிலும் பங்கு வரும், தோலிலும் பங்கு வரும்.