சின்ன வியாபாரத்துக்கு எஸ்இஓ கருவியைக் காசு கட்டி வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி இதுதான்: "யாழ்ப்பாணத்தில் வீட்டில் செய்யும் பொருட்களை விற்கிறேன். இணையத்தளம் திறந்து ஆறு மாதமாகிறது, கூகுளில் தேடினால் வருவதே இல்லை. கட்டுரை எழுதிப் போடு, எஸ்இஓ கருவி ஒன்றை வாங்கு என்கிறார்கள். பயன் இருக்குமா?"

எஸ்இஓ என்றால் கூகுளில் தேடும்போது நம் பக்கம் மேலே தெரியச் செய்கிற வேலை. கட்டுரைக்குப் பயன் இருக்கிறது. கருவி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கறித்தூளும், பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கிற ஒடியல் மாவும் விற்கிறோம். வறுப்பது, இடிப்பிப்பது எல்லாம் அம்மாவும் மாமியும். பொதி கட்டுவதும் வட்ஸ்அப்பில் பதில் சொல்வதும் என் வேலை. பார்சல் பெரும்பாலும் கனடா, லண்டன், சுவிஸ் என்றுதான் போகும். நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில் நின்றபோது நான் ஒரு நிறுவனத்திடம் போய்க் காசைக் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவோம் என்றார்கள். மாத முடிவில் அறிக்கை என்று இரண்டு தாள் வந்தது. ஒன்றில், எங்கள் பக்கங்களின் உள்ளே யாருக்கும் தெரியாமல் செருகிய 'கீவேர்ட்' (தேடுசொல்) பட்டியல். யாழ்ப்பாணம், கறி, மசாலா, சிறந்த, மலிவான என்று நீண்டுகொண்டே போனது. அந்தப் பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. எனக்கு அது காசு போன பிறகுதான் தெரியும். மற்றத் தாளில், எங்கள் தளம் மேலே வரட்டும் என்று வேறு தளங்களிலிருந்து எங்களுக்குக் காசுக்கு வாங்கிக் கொடுத்த இணைப்புகள். திறந்து பார்த்தால் ஒன்று சூதாட்டத் தளம், இன்னொன்று ரஷ்ய மொழியில் ஏதோ டயர்க் கடை. இப்படிக் காசுக்கு இணைப்பு வாங்குவது கூகுளின் விதிக்கு மாறானது. 2012இல் பென்குயின் என்ற மாற்றத்தை அவர்கள் கொண்டுவந்ததே இந்த மாதிரி வேலையைப் பிடிக்கத்தான். ஒடியல் மாவுக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று போன் எடுத்துக் கேட்டேன். "அது அல்கோரிதம் அண்ணை" என்றார் அங்கிருந்த தம்பி.

சரி, அதை விடுவோம். அதற்குப் பிறகுதான் கூகுள் சேர்ச் கொன்சோலைத் திறந்தேன். இலவசம். உங்கள் தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்துவிட்டால் போதும், எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனையாவது இடத்தில் நின்றது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று காட்டும். 16 மாதத் தரவு இருக்கும், ஆகவே போன ஆடியையும் இந்த ஆடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்று கீழே வருகிறது.

அதில் நான் கண்ட முதல் விஷயம், நாங்கள் விற்கிற சொல்லும் சனம் தேடுகிற சொல்லும் வேறு வேறு. வீட்டில் 'தூள்' என்றால் முடிந்தது. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை 'ஜஃப்னா கறி பவுடர்' என்று ஆங்கிலத்தில் தேடுகிறது. கூழைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் ஒருவர் இரண்டு ஓ போடுகிறார், ஒருவர் ஒரு யு போடுகிறார், கடைசி ழகரத்துக்கு ஒருவர் எல், மற்றவர் இசட்டும் எச்சும். எல்லாரும் ஒரே சட்டிக் கூழைத்தான் தேடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் இந்த எழுத்துகளில் ஒன்றுகூட இல்லை. ஆகவே ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம் எழுதினோம். முதலில் மொழிபெயர்ப்பைக் கணினியிடம் விட்டேன்; செத்தல் மிளகாயை, அதாவது காய்ந்த மிளகாயை, அது இறந்துபோன மிளகாய் ஆக்கிவிட்டது. பிறகு நானே இருந்து எழுதினேன்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். 'ஒடியல் மா கசப்பு' என்று தேடி வந்தவர்களுக்கு எங்கள் பக்கம் எங்கோ பின்னுக்குத் தெரிந்திருக்கிறது, யாரும் கிளிக் செய்யவில்லை. பக்கத்தில் என்ன இருந்தது? 'தரமான, சுவையான, பாரம்பரியமான ஒடியல் மா.' மா கசக்குது என்று ஒரு மனுசி சூரிச்சில் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறா, நான் பாரம்பரியம் என்கிறேன்.

மாமியிடம் கேட்டேன். "உதையெல்லாம் ஆர் தம்பி வாசிக்கப் போகினம்" என்று இழுத்தா, பிறகு சொன்னா. மாவைத் தண்ணீரில் கரைத்து அடைய விட வேண்டும். மேலே தெளிந்து நிற்கிற தண்ணியை மெல்ல ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணி விட வேண்டும். "மூண்டு தரமாவது மாத்து. கடைசித் தண்ணியை நாக்கில வச்சுப் பார், அது சொல்லும்." அதை அப்படியே எழுதினேன், ஒவ்வொரு தண்ணியும் எந்த நிறத்தில் இருந்தது என்று கைபேசியில் படம் எடுத்துப் போட்டேன். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புளுக்கொடியல், கூழுக்கு முதலாவதுதான் என்பதையும் சேர்த்தேன், ஏனென்றால் அதையும் வட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒருவர் கேட்பார்.

இன்று எங்கள் தளத்தில் அதிகம் ஆள் வருவது அந்தப் பக்கத்துக்கு. அதில் 'வாங்குங்கள்' என்று ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அதுவும் கடைசியில். கன்டென்ட் மார்க்கெட்டிங் என்று பெரிய பேரில் சொல்வது எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான்.

அடுத்தது ஆடிக்கூழ். ஆடிப்பிறப்பு ஜூலை நடுவில் வரும். எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸையும் எங்கள் கொன்சோலையும் பார்த்தால் அந்த நாட்களை ஒட்டித்தான் தேடல் எழும்புகிறது, பிறகு படுத்துவிடும். முதல் வருடம் நான் ஜூலை 10ஆம் திகதி பதிவு போட்டேன். கூகுள் அதை எடுத்துக் காட்டத் தொடங்குவதற்குள் சனம் கூழ் குடித்துக் கொழுக்கட்டையும் தின்று முடித்துவிட்டது. இப்போது சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கையோடு அந்தப் பக்கத்தைத் திருத்தி வைத்துவிடுவேன். புதிதாகப் பக்கம் திறப்பதில்லை, அதே முகவரியில் அதே பக்கம். அதில் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் போடும் இனிப்பான ஆடிக்கூழ் வேறு, நண்டும் றாலும் மீனும் போடும் ஒடியல் கூழ் வேறு என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். இரண்டையும் குழப்புகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

காசு கட்டும் கருவிகள்? செமரஷ், ஏஎச்ரெஃப்ஸ் எல்லாம் நல்ல சாமான்கள்தான், ஆனால் முழு வசதியோடு வேண்டுமென்றால் மாதம் 100 டொலருக்கு மேல் போகும். எத்தனை கிலோ தூள் விற்க வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். அதோடு, நான் போட்டுப் பார்த்த தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்குத் தேடலே இல்லை என்றுதான் காட்டின. அதே சொல்லைத் தேடி எங்களிடம் ஆள் வந்தது கொன்சோலில் இருக்கிறது! ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்லும் கூகுள் கீவேர்ட் பிளானர் இலவசம், ஆனால் விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்குச் சரியான எண் தராது, இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று அகலமாகச் சொல்லிவிடும். உங்கள் வட்ஸ்அப்பைத் திறந்து, போன மாதம் ஆட்கள் கேட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். என் முதல் பத்துப் பதிவுகளும் அப்படி வந்தவை.

2024இலிருந்து கூகுள் தானே ஏஐ சுருக்கம் ஒன்றை மேலே போடத் தொடங்கியிருக்கிறது, சாதாரணச் சமையல் குறிப்புக்கு இனிக் கிளிக் குறையும். மாமியின் மூன்று தண்ணீர்ப் படங்கள் அதனிடம் இல்லை என்ற தைரியத்தில் இருக்கிறேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். உங்கள் கடையைக் கூகுள் வரைபடத்தில் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலை இன்றைக்கே பதியுங்கள், அதற்கும் காசில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள். குறியை எங்கே வைக்கிறீர்கள் என்று மட்டும் கவனம். நான் முதலில் ஒழுங்கை முகப்பில் வைத்துவிட்டேன், வந்தவர்கள் எல்லாரும் முதல் வீட்டுக் கேற்றைத் தட்டினார்கள். பிறகு சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டேன். அந்த வீட்டு ஆச்சி ஆனால் இன்னும் முன்வாசலில்தான் இருக்கிறா. ஆராவது கார் நிற்பாட்டினால், "தூளோ? நாலாவது கேற்" என்பா.